எக்ஸ்போர்ட்டில் கறுத்த பச்சை

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான்கு பேரை வளர்த்தேன். பெற்றது மூன்று, நாத்தனார் விட்டுப்போன பெண் ஒன்று. நால்வரும் வலங்கைமான் பக்கத்தில் இருக்கிற எங்கள் வயல் நெல்லைத் தின்று வளர்ந்தவர்கள். அந்த வயலை யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. போன சம்பாவில் அப்படி ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டேன், அதுவும் ஒரு வீடியோவால்.

எங்கள் மகளிர் குழுவுக்கு வேளாண்மை ஆபீசில் இலை வண்ண அட்டை என்று ஒன்று கொடுத்திருந்தார்கள். பிளாஸ்டிக் அட்டை. வெளிர்பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரைக்கும் வரிசையாகப் பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நெல் இலையை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ரகத்துக்கு, இலை நாலாம் பட்டையைவிட வெளுத்திருந்தால் யூரியா போடலாம். நாலோடு ஒத்துப்போனால் போடக் கூடாது. குழுவுக்கே ஒரே அட்டை. அதனால் அட்டையை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்வது, எப்படிப் பார்ப்பது என்பதை வீடியோ எடுத்து எல்லார் போனுக்கும் அனுப்புவது என்று பேசி முடிவு செய்தோம்.

எடுத்தவள் என் மகன் வயிற்றுப் பேத்தி. தஞ்சாவூர் ஸ்டுடியோ ஒன்றுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள், வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பாள். நான் வயலில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, என் நிழலிலேயே இலையைப் பிடித்துக் காட்டினேன். அவள் படத்தின் ஓரத்தில் அந்தப் பட்டைகளையும் எண்களையும் கிராஃபிக்ஸாகப் போட்டாள். லேப்டாப்பில் பார்த்தேன், அட்டையில் இருந்த பச்சையேதான். எடிட் செய்ததை வெளியே அனுப்புகிற வீடியோவாக எக்ஸ்போர்ட் செய்து, என் ஓரகத்திக்கு, அதாவது கொழுந்தன் பெண்டாட்டிக்கு, முதலில் அனுப்பினாள். வரப்புக்கு அந்தப் பக்கம் அவள் வயல்.

மத்தியானம் ஒரு கையில் போனும் ஒரு கையில் நெல் இலையுமாக ஓரகத்தி வந்து நின்றாள்.

"என்னக்கா, உங்க வயல்ல மையைக் கரைச்சு ஊத்துனாப்புல இருக்கு? எங்களை யூரியா போடாதேன்னுட்டு நீங்க மூட்டையோட கவுத்துட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. போனை வாங்கிப் பார்த்தால் பச்சை கறுத்துக் கிடக்கிறது. என் சேலைகூட வேறு சேலையாகத் தெரிந்தது. அதைவிட மோசம், அவள் தன் வயல் இலையை அந்தப் போன் திரையின்மேல் வைத்துப் பார்த்திருக்கிறாள். அட்டையில் வைக்க வேண்டிய இலையைத் திரையில்!

"நாலு எங்க, மூணுகிட்டகூட வரலக்கா. யூரியாவையும் வேப்பம் புண்ணாக்கையும் கலந்து வச்சுட்டேன். காலையில வீச ஆள் வருது."

அதற்கு முந்தின சம்பாவில் இப்படித்தான் யூரியாவை அள்ளி வீசினாள். இலைச்சுருட்டுப் புழு வந்தது, மிச்சப் பயிர் ஒரு மழைக்குப் பாய் விரித்த மாதிரி சாய்ந்தது. இன்னொரு தடவை அவள் தாங்க மாட்டாள். அட்டையை எடுத்து அவள் இலையை வைத்துக் காட்டினேன். நாலோடு அப்படியே ஒட்டியது.

"அட்டை ஒண்ணு சொல்லுது, உங்க பேத்தி வீடியோ ஒண்ணு சொல்லுது. நான் எதை நம்புறது? அட்டை வெயில்ல கெடந்து வெளுத்துருக்கும்."

போய்விட்டாள். நான் பேத்தி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"சின்ன அப்பாயி போன்தான் சரியில்ல, அப்பாயி" என்றாள். என் போனில் போட்டோம், அதே கறுப்பு. லேப்டாப்பிலேயே எடிட்டிங்குக்கு வெளியே திறந்து பார்த்தோம், அங்கேயும் கறுப்பு. கிராஃபிக்ஸ்தான் காரணம் என்று அதை எடுத்துவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் செய்தாள். எவ்வளவு ஆயிற்று என்று திரையில் காட்டுகிற கோடு நகர்ந்து முடிவதற்குள் ஒரு உலை அரிசி வெந்துவிடும். பட்டைகள் போயின, வயல் மட்டும் அப்படியே கறுத்திருந்தது.

"படிச்ச படிப்புக்குப் பச்சையைப் பச்சையா அனுப்பத் தெரியலையாடி?"

"எடிட்டிங்ல சரியாத்தானே இருக்கு!"

"எடிட்டிங்ல இருந்து யாருக்கு என்ன? அவ வயல் அங்க இருக்கு."

பேத்தி எக்ஸ்போர்ட் ஆன படத்தைத் திரும்ப எடிட்டிங்குக்குள்ளேயே கொண்டுவந்து பழையதன் பக்கத்தில் வைத்தாள். அங்கேயும் அது கறுப்பு, இது பச்சை. அப்படியானால் பார்க்கிற போனில் குற்றமில்லை, வெளியே அனுப்புகிற இடத்தில்தான் ஏதோ நடக்கிறது என்றாள். எக்ஸ்போர்ட் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவள், ஓரிடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கறுப்பு எதுல தொடங்கணும், வெள்ளை எதுல முடியணும்னு ஒரு அளவு இருக்கு, அப்பாயி. கல்யாண மண்டபத்துப் பெரிய ஸ்கிரீனுக்காகப் போன வாரம் அதை 'ஃபுல்'லுன்னு மாத்தினேன். திரும்ப 'ஆட்டோ' வைக்க மறந்துட்டேன். போனும் லேப்டாப்பும் அதை வேற அளவுல படிக்குது, அதான் கறுப்போட பச்சையும் கறுத்துப்போச்சு."

"மண்டபத்துக்கு வச்சதை என் வயலுக்குப் போட்டியா?"

மாற்றி, பட்டைகளையும் திரும்பப் போட்டு, இன்னொரு தடவை எக்ஸ்போர்ட் செய்தாள். இந்தத் தடவை வெளியே திறந்தபோதும் எடிட்டிங்கில் இருந்த பச்சைதான். போனை அட்டை பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாலு நாலாகவே இருந்தது. இருந்தாலும் ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி காட்டும் என்று, 'இலையை அட்டையில் வையுங்கள், போனில் வைக்காதீர்கள்' என்று வீடியோவுக்குக் கீழே பெரிதாக எழுதியும் விட்டாள். அனுப்பினோம்.

உடனே ஓரகத்தி கூப்பிட்டாள். "அப்படியேதான்க்கா இருக்கு."

நான் அட்டையையும் பேத்தியையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். பார்த்தால், மகராசி போனில் மேலே இருந்த பழைய வீடியோவையே மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்! பேத்தி அதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டாள். ஓரகத்தி போனைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், இலையை அட்டைமேல் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டும் இப்ப ஒரே மாதிரிதான் இருக்கு" என்றாள். அப்புறம் உள்ளே திரும்பி, "காலையில ஆள் வர வேணாம்னு சொல்லுங்க" என்று என் கொழுந்தனிடம் குரல் கொடுத்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"கலந்து வச்ச உரத்தை என்னக்கா பண்றது?"

"கட்டி வை. அட்டை சொல்றப்ப போடலாம்."

வாசல்வரை வந்து சொன்னாள்: "அந்த மை ஊத்துன கலரும் உங்க வயலுக்கு நல்லாத்தான்க்கா இருந்துச்சு." நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை எழுத்துக்கூட்டி எழுதி முடிக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று. பேத்தியிடம்தான் முதலில் கொடுக்கிறேன்: இந்தா பொண்ணே, இதைச் சத்தமாப் படி. நான் எழுதினது ஒண்ணு, உன் வாயிலருந்து வர்றது ஒண்ணுன்னு இருந்தா இப்பவே சொல்லிடு.