எல்லாருக்கும் ஒரே சைஸ் வெட்சூட்

துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் சிப்பிகளை நீருக்குள் மூழ்கிச் சுரண்டி எடுப்பது என் வேலை. மார்கழியில் ஒருநாள், என்னோடு இறங்கிய கோட்டுச்சேரிமேட்டு நண்பருக்கு இரண்டு மணி நேரத்தில் விரல்கள் விறைத்துவிட்டன. ஏணியைப் பிடிக்க முடியாமல் சரிந்தவரை நான்தான் தாங்கி மேலே ஏற்றினேன். உதடு நீலம் பாரித்திருந்தது.

மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். "காரைக்கால் கடலு என்ன ஐஸா? சாப்புடாம வந்திருப்பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நண்பர் போட்டிருந்த வெட்சூட்டை, குளிர் தாங்கும் அந்த ரப்பர் உடுப்பைக் கழற்றி, உள்பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன்.

"பாருங்க சார். உள்ள போற தண்ணிய நம்ம உடம்புதான் சூடாக்குது. அது வெளிய ஓடாம நின்னாதான் குளிராது. அதுக்கு ரப்பர் உடம்போட ஒட்டி இருக்கணும், உள்ள மெத்துன்னு துணி இருக்கணும். இதுல துணி பூரா உரிஞ்சு போச்சு. அளவும் இல்ல, ரெண்டு ஆளு நுழையலாம்."

"எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் வாங்கியிருக்கு."

"உங்க சட்டையயும் அப்படித்தான் வாங்குறீங்களா?"

அன்று வேலைக்கு வந்திருந்த நாங்கள் நான்கு பேரும் மறுபடி இறங்க மறுத்துவிட்டோம். மறுவாரம் ஆளுக்கு ஆள் அளவெடுத்தார்கள், புது உடுப்பும் வந்தது. அதைப் போட்டு இறங்கியபோது முதுகில் புகுந்த தண்ணீர் சில நிமிடங்களில் வெதுவெதுப்பானது. அந்தச் சுகத்திலும் ஆத்திரம் அடங்கவில்லை. ஓர் அளவு நாடாவில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு ஒரு மனிதர் விறைத்து விழ வேண்டியிருந்தது.