நடந்து போன தூசி

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தூசி நடந்து போனது.

காற்றில் நகர்ந்திருக்கும் என்பீர்கள். ஃபேன்கூடப் போடவில்லை. அதுவாக, நின்று நின்று, நிதானமாக நடந்தது.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் தூசி என்றால் பத்தடி தள்ளியே கண்டுபிடித்துவிடுவேன். என் வீட்டுத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று பக்கத்து ஊர் வேங்கிக்கால் வரைக்கும் பேச்சு.

அந்த வீட்டில் தூசி சேர்ந்து, அதற்குக் காலும் முளைத்துவிட்டது என்றால்?

செல்வியைக் கூப்பிட்டேன். ஆறு வருஷமாக வந்து பெருக்கித் துடைப்பவள். அவளுக்கு இந்த ஒரு வீடுதான் பிழைப்பு.

"பெருக்குற லட்சணம் இதுதானா? நாளையிலேர்ந்து வரவேணாம்."

செல்வி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நின்றாள்.

மாடியில் குடியிருக்கும் சயின்ஸ் டீச்சர் ஸ்கூலுக்குக் கிளம்பி இறங்கி வந்தார். ஒரு சாட்சி இருக்கட்டுமே என்று நான்தான் நிறுத்திக் காட்டினேன். செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினார். தூசிக்கு உள்ளே ஆறு கால், இரண்டு மீசை!

பூச்சிதானாம். உடம்பில் பசை மாதிரி ஏதோ இருக்குமாம். குடியிருக்கும் இடத்துத் தூசியை மேலே அப்பிக்கொண்டு, ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருக்குமாம். பக்கத்தில் எறும்பு வந்தால்... அவ்வளவுதான், கதை முடிந்தது.

"குடியிருக்கிற இடத்துத் தூசியா, டீச்சர்?" என்றாள் செல்வி. படத்தை எட்டிப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன். முதுகு முழுக்கத் திருநீறு. நடுவில் கொஞ்சம் குங்குமம்.

எங்கள் வீட்டில் அது இரண்டும் இருப்பது சாமி ஷெல்ஃபில் மட்டும்தான். அதை வேறு யாரும் தொடக்கூடாது, நான்தான் துடைப்பேன் — நான் போட்ட சட்டம்.

"அந்த ஷெல்ஃபை நான் தொட்டதே இல்லீங்க, பெரியம்மா" என்றாள் செல்வி. அவ்வளவுதான் சொன்னாள். டீச்சருக்குத் திடீரென்று கீழ்பென்னாத்தூர் பஸ் ஞாபகம் வந்துவிட்டது.

தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். அதற்கு என் வாய் பழகவில்லையே.

"நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வா. ஷெல்ஃப் தொடைக்கணும்."

"வரவேணாம்னீங்களே?"

"அது பூச்சியைச் சொன்னேன்."

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பதற்குத்தான். துடைப்பம் மறுபடி கைக்கு வந்தது.

பூச்சியை ஒரு காகிதத்தில் ஏந்திச் செம்பருத்திச் செடியில் விட்டேன். உடம்பெல்லாம் திருநீறு பூசிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் வந்தவரை விழுங்கிவிடும்...

நம்ம ஊருக்கு இது புதுசா என்ன?