எங்கள் மண் பாஸான வருஷம்

எங்கள் வயலுக்கு ஒருமுறை பரீட்சை வந்தது. அதில் தில்லுமுல்லு செய்து பாஸாக்கிவிட்டவள் நான்தான்.

அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வாய்க்காலுக்குக் கீழே இருந்த அந்த முக்கால் ஏக்கர் அம்மாவுக்கு அவள் அப்பா எழுதிக்கொடுத்தது. சாகுபடி மட்டும் என் அப்பா வசம். அக்கம்பக்கத்தில் வாழை வெட்டியதும் ஒரு பிசானப் பருவமாவது நெல் போட்டு மாற்றுவார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரான அப்பாவுக்கோ வாழைக்குப் பிறகும் வாழைதான். வருஷா வருஷம் அதே ஏத்தன் ரகம்.

"மண்ணு சளச்சுட்டு. இந்த ஒரு வருசம் வாழைய விட்டுட்டு தக்கப்பூண்டு வெதப்போம். பூக்குத சமயத்துல மடக்கி உழுதா மண்ணுக்கு உசிரு வரும். நான் சொல்லுதத கேளுங்க" என்றாள் அம்மா.

அம்மா சொல்லி ஒன்றைச் செய்வதென்றால் அப்பாவுக்கு வேப்பெண்ணெய் குடிக்கிற மாதிரி.

"ஒனக்கு என்ன தெரியும்? மண்ணப் பரிசோதனைக்குக் குடுப்போம். பாஸாச்சுன்னா வாழை, ஃபெயிலாச்சுன்னா ஒன் தக்கப்பூண்டு!"

ஃபெயில்! எங்கள் வீட்டில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. காலாண்டில் நான் கணக்கில் ஃபெயிலாகி, அப்பா ஒரு வாரமாக என் முகத்தையே பார்க்காமலிருந்த நேரம் வேறு. அந்த மண்மேல் எனக்குப் பொல்லாத இரக்கம் வந்துவிட்டது.

சனிக்கிழமை அப்பா வயலில் பத்து இடத்தில் குழி வெட்டி, மண்ணைச் சுரண்டி, சாக்கில் கொட்டிக் கலந்து, நாலு பங்காக்கிப் பாதியைத் தள்ளித் தள்ளி, கடைசியில் அரைக் கிலோவாக்கினார். அதை வீட்டு நிழலில் காயப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். வெளுத்துப்போய்க் கட்டி கட்டியாகக் கிடந்தது. பார்த்த உடனே தெரிந்தது, இது தேறாது. அதைக் கொல்லையில் கொட்டிவிட்டு, எருக்குழி ஓரத்தில் கறுகறுவென்றிருந்த மண்ணை அள்ளிவந்து பரப்பினேன். சாயங்காலம் அம்மாதான் அதைத் துணிப்பையில் போட்டுக் கட்டினாள்.

மண்வள அட்டை வந்தது. எல்லாச் சத்தும் அதிகம்! அப்பா அதைத் தெருவில் போனவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். அம்மா "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அட்டையை நம்பி உரத்தையும் பாதியாகக் குறைத்து, மறுபடியும் ஏத்தன் வைத்தார் அப்பா.

பத்து மாதத்தில் மண் தன் மார்க்கைத் தானே போட்டது. இலையெல்லாம் மஞ்சளித்துப் பாதி மரம் காற்றில்லாமலே சாய்ந்தது. வாங்க வந்த அண்ணாச்சி ஒரு தாரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார், தாரு கேட்டா சீப்பக் காட்டுதிய?" என்றார். அப்பா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடி, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

அம்மா அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"தெரியும்ட்டி. பையக் கட்டும்போதே சாணி நாத்தம்லா அடிச்சுது."

"அப்பாட்ட ஏம்மா சொல்லல?"

"எங்கிட்ட தோத்தா அவ்வோ தாங்க மாட்டாவ. மண்ணுகிட்டயே தோக்கட்டும்னு விட்டுட்டேன்."

அடுத்த மாதம் அப்பா தக்கைப்பூண்டு விதை மூட்டையோடு வந்திறங்கி, எல்லாம் தன் யோசனைதான் என்று தெருவெல்லாம் சொன்னார். அம்மாவும் "நல்ல யோசனதான்" என்றாள். அடியில்லாமல் தப்பித்த சந்தோஷத்தில் நான் விளையாட ஓடிவிட்டேன். பத்து மாதமும் வயலுக்குப் போய், தான் சொன்னது ஒவ்வொன்றாக நடப்பதை வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்ற அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.