நுவரெலியாக் குளிரில் நின்றுபோன கிண்ணியா வான்

தை மாதத்தில் நுவரெலியாவுக்குப் புறப்படும் திருகோணமலைக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவைக்கிறேன். கம்பளிச் சட்டையை மறந்தாலும் மறந்துவிடுங்கள், ஏறப்போகும் வாகனத்தின் எஞ்சின் குளிரில் பிடிக்குமா என்று கேட்காமல் ஏறாதீர்கள். நாங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தெரியவும் இல்லை.

என் கணவரின் தங்கை மகனுக்கு அங்கே கல்யாணம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவர் சீனன்குடாவில் இயந்திரங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் கிண்ணியா நிஸ்தாரின் பழைய டீசல் வான்தான் எங்களுக்கு. ஓட்டுவதும் நிஸ்தார்தான்; நாற்பது வயதிருக்கும், ஓயாமல் பேசும் கதைகாரன். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, கண்டி வழியாக ஏறக்குறைய இருநூற்று அறுபது கிலோமீற்றர். ரம்பொடை ஏற்றத்தில்கூட வான் முணுமுணுக்காமல் ஏறியது. கல்யாணமும் குறையில்லாமல் நடந்தது. மறுநாள் வெயில் ஏறியபின் ஆறுதலாக வெளிக்கிடுவதாக இருந்தோம்.

காலை ஐந்து மணி. விடுதி அறையின் கதவைத் தட்டியது நிஸ்தார். தலையில் துவாய் சுற்றியிருந்தார்.

"டீச்சர், உம்மா மவுத்தாப் போயிட்டாவாம். நானா இப்பதான் கோல் எடுத்தவர்."

நானா என்றது அவருடைய அண்ணனை. நேற்றுப் பின்னேரம்கூட, இப்போது இறந்துவிட்ட அந்தத் தாய் தொலைபேசியில் அவரோடு கதைத்ததைக் கேட்டிருந்தேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். கையும் குளிர்ந்துதான் கிடந்தது. முஸ்லிம்கள் ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலை, அதிக நேரம் வைத்திருப்பதில்லை; முடிந்தவரை அன்றைக்கே அடக்கிவிடுவார்கள். லுஹர்த் தொழுகையோடு, அதாவது மத்தியானம் பன்னிரண்டரை அளவில், அடக்கம் என்று பேச்சு. உடனே வெளிக்கிட்டால் உம்மாவின் முகத்தைப் பார்த்துவிடலாம். கால்மணித்தியாலத்தில் பெட்டிகளைக் கட்டிவிட்டோம்.

வெளியே உறைபனியில் புல்லெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. நிஸ்தார் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நோயாளி இருமுவதுபோல் நாலைந்து தரம் இருமி ஓய்ந்தது. மறுபடி திருப்ப, வான் முழுவதும் நடுங்கி, பின்னால் வெள்ளைப் புகை கக்கி, ஒருவழியாக ஓடத் தொடங்கியது. ஓட்டமா அது! சன்னல் கண்ணாடிகள் கடகடத்தன.

அந்த நேரம் பார்த்து நானாவின் அழைப்பு. அடக்கத்தை அசருக்கு, அதாவது பின்னேரம் மூன்றரை அளவில் வரும் தொழுகைக்கு, தள்ளிவைக்கட்டுமா என்று கேட்டார் போலும். நிஸ்தார் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினார்.

"ஓம் நானா, ஸ்டாட் பண்ணிட்டன். அசருக்குத் தள்ள வேணாம். உம்மாவக் காக்க வைக்காதீங்க. லுஹருக்கு முன்னம் வந்திடுவன்."

போனை வைத்தார். எஞ்சின் நின்றுவிட்டது.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பெற்றோல் எஞ்சினுக்குப் பொறி இருக்கிறது, டீசலுக்குப் பொறி கிடையாது என்று கணவர் விளக்கினார். சிலிண்டருக்குள் காற்றை நெரிக்கும்போது உண்டாகும் சூட்டிலேதான் டீசல் பற்ற வேண்டும். குளிரில் அந்தச் சூட்டை இரும்பே உறிஞ்சிவிடும். ஒயில், உறைந்த தேங்காயெண்ணெய்போல் தடித்துக் கிடக்கும், பற்றரியும் சோர்ந்திருக்கும், ஆகவே எஞ்சின் சுழல்வதே மந்தம். ஒரு சிலிண்டர் பற்றும், பக்கத்திலுள்ளது பற்றாது. அதனால்தான் அந்த நடுக்கம். வெள்ளைப் புகை, எரியாமல் வெளியே வரும் டீசல். இதற்காகவே சாவியைத் திருப்பியதும் உள்ளே சூடேற்ற ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள்.

"அதுகள் வேலை செய்யுதோ தம்பி?" என்று கேட்டார்.

நிஸ்தார் தலையைக் குனிந்தார். "நாலில மூண்டு செத்துக் கன காலம் சேர். எங்கட வெயிலுக்குச் சாவியத் தொட்டாலே பத்தும். கராஜ் பாஸும் சொன்னவர், ஊருக்குள்ள ஓடுற வானுக்கு இது எதுக்கெண்டு."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊரில் யார்தான் குளிரை நினைத்து ஒரு சாமான் மாற்றியிருக்கிறார்கள்?

ஆறு மணிக்கு, பக்கத்து வளவிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப் போகும் லொறி வெளிக்கிட்டது. அதன் சாரதி, தேயிலைத் தோட்டத்துத் தமிழர், விஷயம் கேட்டு இறங்கி வந்தார்.

"ஏறுங்கண்ணே. பத்து மணிக்குத் தம்புள்ளையில விட்டுர்றேன்."

"போங்கோ தம்பி," என்றேன் நான். "நானாட மகனைத் தம்புள்ளைக்கு வரச் சொல்லுங்கோ. நாங்கள் சொந்தக்காரரோட நிண்டு பிறகு வாறம்."

நிஸ்தார் இறங்கி ஒரு காலை லொறிப் படியில் வைத்தும்விட்டார். அப்போது, சாவியைத் திருப்பிக்கொண்டிருந்த என் கணவரின் கையில் அந்தப் பாழாய்ப்போன எஞ்சின் மறுபடி பிடித்தது. நடுங்கிக்கொண்டு, புகைந்துகொண்டு, ஆனால் ஓடியது. "பிடிச்சிட்டுது! பிடிச்சிட்டுது!" என்று கணவர் குழந்தைபோல் கூவினார்.

"உங்கள இந்தக் குளிருக்குள்ள விட்டுட்டுப் போக ஏலாது டீச்சர். இனி ஓடும்," என்று நிஸ்தார் காலை எடுத்துவிட்டார். லொறி போய்விட்டது. அது வளைவில் மறைந்ததும் எஞ்சின் மூச்சை விட்டது. அடியோடு பிடிக்காத எஞ்சினாக இருந்திருந்தால் அவர் லொறியில் போயிருப்பார். அரைகுறையாகப் பிடித்துப் பிடித்து ஆசை காட்டியதுதான் எங்களைக் கெடுத்தது.

பிறகு விடுதிக் குசினியில் வெந்நீர் கொதிக்கவைத்துத் துவாய்களை நனைத்து எஞ்சின்மேல் போட்டோம். வேறொரு வாகனத்திலிருந்து பற்றரிக்கு வயர் கொடுத்தோம். வெயில் எட்டிப் பார்த்தபோது, ஏழேகால் இருக்கும், எதுவுமே நடக்காததுபோல் வான் சீராக ஓடத் தொடங்கியது.

"நானாவுக்கு ஒரு கோல் எடுத்துப் பிந்துமெண்டு சொல்லுங்கோவன்," என்றேன், கண்டி தாண்டி மாத்தளையில். 

"பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல லுஹர் எண்டு அறிவிச்சாச்சு டீச்சர். ஊரெல்லாம் வந்திருக்கும். நான் ஒரு ஆளுக்காக உம்மாட மையித்த வச்சிட்டிருக்கச் சொல்லுறதோ?" என்றார். கதைகாரனான நிஸ்தாரோடு நான் செய்த ஒரே மௌனப் பயணம் அதுதான். ஹபரணைக் காட்டுப் பாதையில் லுஹர்த் தொழுகைக்கான பாங்கு நேரம் கடந்தது. கந்தளாய்க் குளம் நிறைந்து கிடந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்றே முக்காலுக்குச் சீனன்குடா விமானப்படை முகாமின் வேலியோரமாகப் போய்க் கிண்ணியாப் பாலத்தில் ஏறினோம். ஊருக்குள் நுழைந்ததும் எதிரே தொப்பி அணிந்த ஆண்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். சிலரின் கால்களில் ஈர மணல். நிஸ்தார் வானை நடுவீதியில் நிறுத்தி இறங்கினார்.

நானா ஓடிவந்து கட்டிக்கொண்டார். "ஏன்டா தம்பி ஒரு சொல்லுச் சொல்லேல்ல? அசருக்கு வச்சிருப்பமே. அதைத்தானே காலையில கேட்டனான்?"

என் கணவரும் அவர்களோடு, உம்மாவை அடக்கிய மையவாடிக்குப் போனார். நான் பெண்களோடு வீட்டிலிருந்தேன். பின்னேரம் எங்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று நிஸ்தார் சாவியை எடுத்தார், நாங்கள் சம்மதிக்கவில்லை. பஸ் நிற்கும் இடம்வரை நடந்து வந்தார்.

"எந்த ஹயர் முடிச்சு எத்தின மணிக்கு வந்தாலும் உம்மா சோத்த மூடி வச்சிட்டு இருப்பா டீச்சர். நான் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்ல. அவவும் ஒரு நாளும் என்னப் பாக்காமப் படுத்ததில்ல." பஸ் வருகிறதா என்று வீதியைப் பார்த்தார். "இண்டைக்கும் இருந்திருப்பா. நான்தானே வேணாமெண்டனான்."

பஸ் வந்துவிட்டது. நாங்கள் ஏறினோம்.