ஆளில்லாத வீட்டில் கூலிங் அண்ணன்

ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பவரை எல்லோரும் 'கூலிங் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் அப்படித்தான்; லேசில் சூடாக மாட்டார். அப்படிப்பட்டவரையே திருச்சபையில் நடந்த சிறப்புக் கூட்டம் உலுக்கிவிட்டது.

வெளியிலிருந்து வந்த பிரசங்கியார் திரையில் படம் போட்டுக் கடைசி நாட்களை விளக்கினார். ஆண்டவர் திடீரென்று வருவார்; பரிசுத்தவான்களை இருந்த இடத்திலிருந்தே பரலோகத்துக்கு எடுத்துக்கொள்வார்; மற்றவர்கள் கைவிடப்படுவார்கள். "நீங்க எந்தப் பக்கம்?" என்று அவர் நீட்டிய விரல் தன்னையே காட்டியதாக அண்ணனுக்குப் பட்டது. அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வீட்டம்மா, "ஒரு வருஷம் வாரண்டி உண்டுல்ல?" என்று கேட்டதற்கு, "அதுவரைக்கும் நாம இருக்கணுமேம்மா" என்றார். அந்த அம்மாள் வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

ஒரு மதியம் வீட்டுக்கு வந்தார். கதவு திறந்து கிடந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மகளின் பள்ளிச்சட்டை பாதி தேய்த்தபடி கிடக்க, பக்கத்தில் இஸ்திரிப்பெட்டி சூடாக நின்றது. மனைவியின் போன் மேசைமேல் இருந்தது. இருவருடைய செருப்பும் வாசலில்தான் கிடந்தன. ஆட்களை மட்டும் காணோம்.

"பாப்பா!" என்று கூப்பிட்டபடி அடுக்களையிலும் போய்த் தேடினார்.

சபைப் போதகருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பழைய சாமானைப் புதுசு என்று விற்கும் உதிரிபாகக் கடைக்காரருக்குப் போட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லு மச்சான்!"

"நீ... இருக்கியா?"

"கடையிலதான் இருக்கேன். நான் எங்க போகப்போறேன்?"

அண்ணனுக்கு உலகமே இருண்டுவிட்டது. இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு முழங்காலில் விழுந்தார். "ஆண்டவரே" என்றார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. மனைவியும் மகளும் நல்ல இடத்துக்குத்தானே போயிருக்கிறார்கள்? சந்தோஷப்பட வேண்டாமா? பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு போன மாதிரி ஏன் பதறுகிறது? அப்படியானால் இத்தனை வருஷம் யாரைக் கும்பிட்டோம்? ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போது தலைக்குமேல் டமால், டமால் என்று சத்தம் கேட்டது. மாடிப்படி ஏறினார். மேல்வீட்டில் அவர் மனைவி சுத்தியலால் குளியலறைத் தாழ்ப்பாளை அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகள். உள்ளே மாட்டிக்கொண்ட மேல்வீட்டு டீச்சர், "மெதுவாம்மா, கதவு என் மேல விழுந்துடும்!" என்று கத்தினார்.

அண்ணன் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதார்.

டீச்சரை வெளியே கொண்டுவந்துவிட்டு, கீழே வந்த பிறகு மனைவி விஷயத்தைக் கறந்தாள். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கினாள்.

"நீயும்தான் அந்தக் கூட்டத்துல இருந்தே. உனக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டார்.

"எங்கப்பா வர்ற நேரம்னா நான் தெருமுனைக்கே ஓடிருவேன். உங்கப்பா குடிச்சிட்டு வருவாரு, நீங்க கட்டிலுக்கடியில ஒளிஞ்சுக்குவீங்கன்னு சொல்லியிருக்கீங்க. 'அப்பா வர்றாரு'ங்கற அதே சேதிதாங்க ரெண்டு பேருக்கும்."

"அப்ப எனக்குத் தப்பாக் கேட்டுச்சா, இல்ல அந்தப் பிரசங்கியார் தப்பாச் சொன்னாரா?"

"எனக்கென்ன தெரியும்? வர்றது யாருன்னு மட்டும் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை போதகரிடமும் கேட்டார். "அன்னைக்கு நீங்க போன் பண்ணப்போ தூங்கிட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்றார் அவர். "எப்போ வருவார்னு எனக்கும் தெரியாது. நம்மளக் கைவிடறதுக்காக அவர் சிலுவை வரைக்கும் போகலங்கறது மட்டும் தெரியும்."

கேட்க இதமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிரசங்கியாரின் விரல் கண்ணைவிட்டுப் போகவில்லை. அன்று மாலை குடும்ப ஜெபத்தில் மகள், "ஆண்டவரே, சீக்கிரம் வாங்க" என்று முடித்தாள். அண்ணன் கொஞ்சம் தயங்கி, "ஆமென்" என்றார். சொன்னது வாயா, மனசா என்று அவருக்கே விளங்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.