தலையை ஆட்டினால் போதும்

மல்லேஸ்வரம் மருத்துவமனையில் உட்கார்ந்தபடி, வாரம் ஒருநாள் ஒரு மலைக்கிராமத்து நோயாளிகளை வீடியோவில் பார்ப்பேன். அந்த ஊரில் கோயில் மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். அங்குள்ள நர்ஸ் போனைப் பிடித்துக்கொள்ள, ஊரே சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும்.

ஒருநாள் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வந்தார். "இடுப்பு வலிங்க" என்றார். மேற்கொண்டு எதைக் கேட்டாலும், பக்கத்தில் நின்ற ஆண்களைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தார். அவருக்கு இயர்போன் மாட்டிவிடும்படி நர்ஸிடம் சொன்னேன்.

"இப்போ நான் பேசறது உங்களுக்கு மட்டும்தாம்மா கேக்கும். ஆமான்னா தலைய ஆட்டுங்க, போதும்."

ஒவ்வொன்றாகக் கேட்டேன். "நடக்கும்போது கீழ ஏதோ இறங்கி வர்ற மாதிரி இருக்கா?" என்றதும் மெல்லத் தலையாட்டினார். கண்கள் கலங்கிவிட்டன.

"இதுக்கு வைத்தியம் இருக்கும்மா" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அன்றே நர்ஸ் அவர் வீட்டுக்குப் போய்ப் பரிசோதித்தார். கர்ப்பப்பை இறங்கியிருந்தது. அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

பிறகு ஒருநாள் மறுபடி வீடியோவில் வந்தார். இன்னும் சில மாதங்களுக்கு விறகு, தண்ணீர்க்குடம் எதையும் தூக்கக் கூடாது என்றேன்.

"அத இவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று போனை வாங்கிக் கணவர் பக்கம் திருப்பினார்.