பெருவிரல் நாடி

கலாவதி அக்கா வருவது தெரிந்தால் பாரிஸ் லாச்சப்பலின் தமிழ் மரக்கறிக்கடைக்காரர்கள் வதங்கிய முருங்கைக்காயை எடுத்து ஒளித்துவிடுவார்கள். அப்படி ஒரு வாய். ரூ லூயி-பிளாங் தெருவில் இருந்த அவருடைய சாப்பாட்டுக் கடையில்தான் நான் கோப்பை கழுவினேன். லெ பிளாங்-மெனில் புறநகரில் இருக்கும் சொந்தத் தங்கச்சி தயாளினியோடு மட்டும் அந்த வாய் மூன்று வருடமாகப் பேசவில்லை. தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குத் தங்கச்சி நேரில் வந்து அழைக்காமல் போனில் சொல்லிவிட்டாளாம். இதுதான் பெரிய சங்கதி! இரண்டு பேரும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார்கள்.

2011இல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வன்னிப் போரிலிருந்து தப்பி வந்தவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? பொபினி ஆஸ்பத்திரியில் எல்லாம் சோதித்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை என்றார்கள். அதன் பெயர் அவிசென். எங்கள் ஆட்கள் வாயில் அது ‘அவிச்ச ஆஸ்பத்திரி’.

அங்கே தாதியாக இருந்து ஓய்வுபெற்ற புதுச்சேரி மரி-லூயிஸ் அம்மா எங்கள் கடைக்குத் தேநீர் குடிக்க வருவார். அவிசென் என்பது இப்னு சீனா, ஆயிரம் வருடத்துக்கு முந்திய பாரசீக வைத்தியர், பெரிய தத்துவஞானி என்று அவர்தான் சொன்னார். காரணம் தெரியாமல் மெலிந்துபோன ஒரு வாலிபனின் நாடியைப் பிடித்துக்கொண்டு, ஊர்ப்பெயர், தெருப்பெயர் எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லவைத்தாராம். நாடி துள்ளிய இடத்தில் அவன் காதலி இருந்தாளாம்.

அக்காவுக்கு இது போதாதா? என் மணிக்கட்டில் பெருவிரலை வைத்து அமுக்கினார். முல்லைத்தீவு என்றார். கிளிநொச்சி என்றார். பக்கத்து மெத்ரோ ஸ்டாலின்கிராட் என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. லெ பிளாங்-மெனில் என்றதும் அவர் முகம் மாறியது.

“துள்ளுதடா வசந்தன். ஆரடா அங்கை?”

அந்தப் பக்கமே நான் போனதில்லை என்று சத்தியம் செய்தேன். மரி-லூயிஸ் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

“கலா, பெருவிரல்லயே நாடி ஓடும்; அதால பிடிச்சா உன் நாடிதான் உனக்குத் தெரியும். துள்ளினது உன்னோடது.”

அக்கா அப்படியே உட்கார்ந்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்து, கணவாய்க் கறியைச் சட்டியோடு கட்டி, அதை என் தலையில் சுமத்தாத குறையாக என்னையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறினார். வழி முழுக்கத் தங்கச்சியைத் திட்டித் தீர்த்தார். இவ்வளவு திட்டுகிறவர் பாதியில் திரும்பமாட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

தயாளினி கதவைத் திறந்து அக்காவைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார்.

“வாறதை ஒரு போனிலை சொல்லியிருக்கலாமே, அக்கா?”

அக்கா தங்கச்சியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். நான் சட்டியோடு வாசலில் நின்றேன். கறி மணத்தது. எனக்குப் பசித்தது.